டொல்பினா, கேடிஎச்சா, புதிய ஹைஏஸா: கிழக்குக் கரையில் குடும்ப வான் ஒன்றை ஒப்பிட்டு வாங்கும் முறை

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் ஒரு வீட்டில் வான் எடுக்கும் பேச்சு எழுந்தால், அது பெரும்பாலும் டொயோட்டா ஹைஏஸ் பற்றிய பேச்சாகவே இருக்கும். கதிர்காமத்துக்கும் உகந்தைக்கும் போக, கொழும்பில் கிளினிக் காட்ட, கட்டுநாயக்காவில் வந்திறங்கும் மகனை ஏற்றிவர, திருமணத்துக்கு இரண்டு வீட்டாரையும் கொண்டு சேர்க்க, இடையில் ஹயர் கிடைத்தால் நாலு காசு பார்க்க என்று எல்லாவற்றுக்கும் ஒரே வண்டி வேண்டுமென்றால் வேறு தெரிவுகள் குறைவு. எந்த ஹைஏஸ் என்பதில்தான் குழப்பம். பலரும் உற்பத்தி ஆண்டையும் விலையையும் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் செய்தேன். ஒவ்வொரு தலைமுறையும் வேறு வேறு இடத்தில் செலவு வைக்கிறது என்பது அதன்பிறகே எனக்கு விளங்கியது. பழைய ஹைஏஸான டொல்பின் தன் உடம்பிலும், அதற்கடுத்து வந்த கேடிஎச் டீசல் செலுத்தும் தொகுதியிலும், அதற்கும் பின் வந்த ஜீடிஎச் வாங்கும் விலையிலும் புகைக்குழாய்த் தொகுதியிலும் செலவு வைக்கும். இவற்றுள் எந்தச் செலவை நமது வீடு தாங்கும், எதைத் திருத்தத் தெரிந்த பாஸ் நமது ஊரில் இருக்கிறார் என்று பார்ப்பதையே இங்கு ஒப்பிடுதல் என்கிறேன்.

முதலில் பெயர்களைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஹைஏஸ் 1967இல் ஜப்பானில் அறிமுகமானது. நம் நாட்டில் டொல்பின் என்று அழைக்கப்படுவது 1989இல் வெளிவந்த நான்காம் தலைமுறை. கேடிஎச் எனப்படுவது 2004 ஓகஸ்டில் வந்த ஐந்தாம் தலைமுறை. 2019இல் வெளிநாட்டுச் சந்தைகளுக்கென வந்த மூக்கு நீண்ட வான் ஆறாம் தலைமுறை. சட்ட இலக்கத்தின், அதாவது சேசிஸ் இலக்கத்தின், முன்பகுதியைப் படிக்கத் தெரிந்தால் புரோக்கரின் விளக்கம் தேவைப்படாது. முதலில் வரும் எழுத்துகள் எஞ்சின் குடும்பத்தையும், அடுத்து வரும் எச் என்ற எழுத்து ஹைஏஸையும், அதன்பின் வரும் இலக்கத்தின் நூற்றுத்தானம் தலைமுறையையும் குறிக்கின்றன. எல்எச் 113 என்றால் எல் வகை டீசல் எஞ்சின் கொண்ட 100 தொடர் வான். கேடிஎச் 201 என்றால் கேடி டீசல் எஞ்சின் கொண்ட 200 தொடர் வான். 206 என்று முடிந்தால் அதே எஞ்சினோடு நான்கு சில்லு இழுவை. இதன்படி பார்த்தால் "பெற்றோல் கேடிஎச்" என்று ஒரு வண்டி இருக்கவே முடியாது. அதன் சரியான பெயர் டீஆர்எச். ஆனால் நமது சந்தையில் இந்தச் சொற்றொடரைக் கேட்காமல் ஒரு நாளும் கழியாது, திருத்தப் போனால் நம்மைத்தான் விசித்திரமாகப் பார்ப்பார்கள்.

டொல்பின்

டொல்பினின் பலம் அதன் எஞ்சின். எல்எச் 113 வான்களில் உள்ள 3எல் எஞ்சின் 2,779 கனசென்ரிமீற்றர் கொள்ளளவுடையது. பிற்கால வான்களில் வந்த 5எல் எஞ்சின் 2,986. இரண்டிலும் டர்போவோ கணினியோ இல்லை, டீசல் பம்பும் முழுக்க இயந்திர முறையில் இயங்குவது. வாழைச்சேனையில் நின்றாலும் பொத்துவிலில் நின்றாலும் பக்கத்துக் கராஜிலேயே திருத்திக்கொள்ளலாம். சாதாரண டீசலுக்கும் முகம் சுளிக்காது. மெதுவாக இழுக்கும், சத்தம் போடும், ஆனால் கொண்டு சேர்க்கும்.

பலவீனம் தகரத்தில் இருக்கிறது. மிக இளைய டொல்பினுக்கும் இன்று இருபது வயது கடந்துவிட்டது. அதில் பாதிக் காலம் கல்லடியிலோ காத்தான்குடியிலோ கல்முனையிலோ கடற்காற்றில் நின்றிருந்தால், பூச்சு எவ்வளவு பளபளத்தாலும் அடியில் என்ன மிஞ்சியிருக்கிறது என்பது வேறு கதை. நான் முதலில் வாங்கிய டொல்பின் அப்படித்தான் என்னை ஏமாற்றியது. வெள்ளை முத்துப் பூச்சு, புதிய ஆசன உறை, தரையில் தடித்த விரிப்பு என்று எல்லாம் நேர்த்தியாக இருந்தன. முதல் மாரி மழையில் பின் ஆசனத்துக்குக் கீழே ஈரம் தெரிந்தது; விரிப்பைத் தூக்கியபோது தரைத்தகரம் இருந்த இடத்தில் பைபர் துண்டும் தாரும்தான் இருந்தன. விற்றவரைக் குறை சொல்வதில் பயனில்லை, விரிப்பைத் தூக்கிப் பார்க்காதது என் தவறு.

ஆகவே டொல்பின் பார்க்கப் போகிறவர் எஞ்சின் மூடியைத் திறப்பதற்கு முன்னர் தரைவிரிப்பைத் தூக்க வேண்டும். தூக்க விடமாட்டேன் என்று உரிமையாளர் சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். அடுத்து, கூரையின் நீர் வடியும் விளிம்பு, முன்கண்ணாடியைச் சுற்றியுள்ள சட்டம், இழுகதவின் கீழ்ப்படி, சில்லு வளைவுகள், முன்சில்லுகளுக்குப் பின்னாலுள்ள தரை, பின்வில்லுகள் பொருத்தப்பட்டிருக்கும் தாங்கிகள் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். காந்தத் துண்டு ஒன்றை மெல்லிய துணியில் சுற்றிக்கொண்டு போய் உடலெங்கும் வைத்துப் பாருங்கள். பிடிக்காத இடத்தில் தகரம் இல்லை, பூசிய பசைதான் இருக்கிறது. வில்லுத் தாங்கியிலோ சேசிஸ் சட்டத்திலோ ஒட்டு வேலை தெரிந்தால், விலையை எவ்வளவு குறைத்தாலும் குடும்பத்தை ஏற்றுவதற்கு அந்த வான் வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். டொல்பினிலும் கேடிஎச்சிலும் எஞ்சின் முன் ஆசனங்களுக்குக் கீழே இருக்கிறது. சாரதியின் முழங்காலுக்கு முன்னால் தகரத்தைத் தவிரப் பெரிதாக ஒன்றுமில்லை. கேடிஎச் இந்த விடயத்தில் பலப்படுத்தப்பட்ட உடலும் காற்றுப்பைகளும் கொண்டு வந்தது. பல டொல்பின்களில் அவை கிடையா. பின் ஆசனங்களில் இருக்கைப்பட்டி இல்லாத டொல்பினை வாங்கினால் அதைப் பொருத்தும் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.

கேடிஎச்

இன்று நமது வீதிகளில் அதிகம் ஓடுவதும், அதிகம் தவறாக வாங்கப்படுவதும் இதுதான். முதலில் வந்தவை 2கேடி எஞ்சின் கொண்டவை. 2,494 கனசென்ரிமீற்றர், 109 குதிரைவலு. 2007 முதல் 1கேடி, 2,982 கனசென்ரிமீற்றர், 136 குதிரைவலு. பின்னர் அது 144 ஆனது. பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு, ஏசியையும் போட்டுக்கொண்டு மலைநாட்டுக்கு ஏறுகிறவருக்கு இந்த வித்தியாசம் முதல் வளைவிலேயே தெரியும். 2013 டிசம்பரில் முகம் மாறியது. இங்கே புதிய முகத்துக்குத் தனி விலை சொல்கிறார்கள். எஞ்சின் அதே 1கேடிதான். விளக்கும் முன்மறைப்பும் மாறியதற்காக ஒருவர் இலட்சக்கணக்கில் கூடக் கொடுக்க விரும்பினால் கொடுக்கலாம், ஆனால் அந்தப் பணத்தில் எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சும் நான்கு இன்ஜெக்டர்களையும் மாற்றிவிடலாம் என்பதை அறிந்துகொண்டு கொடுக்க வேண்டும்.

இன்ஜெக்டர்தான் கேடிஎச்சின் இதயமும் நோயும். பொதுக்குழாய் (கொமன் ரெயில்) முறையில் மிக உயர்ந்த அழுத்தத்தில் டீசல் செலுத்தப்படுவதால், டீசலில் உள்ள தூசும் நீரும் டொல்பினுக்குச் செய்யாத கேட்டை இதற்குச் செய்யும். இன்ஜெக்டரின் அடியிலுள்ள செப்பு வளையம் கசிந்தால், எரிந்த வாயு எஞ்சின் எண்ணெய்க்குள் புகுந்து கரியைக் கட்டியாக்கி, எண்ணெய் உறிஞ்சும் வடியை, அதாவது வடிகட்டியை, அடைத்துவிடும். வெளியில் எந்த அடையாளமும் தெரியாமலே ஒரு நாள் எண்ணெய் அழுத்தம் விழுந்து எஞ்சின் இறுகி நின்றுவிடும். ஆதலால் கேடிஎச் பார்க்க விடியற்காலையில், எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது போக வேண்டும். நாம் போகுமுன் எஞ்சினை இயக்கிச் சூடாக்கி வைத்திருந்தால், மறுநாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடலாம். குளிர்ந்த எஞ்சின் சாவி திருப்பியவுடன் பிடிக்க வேண்டும். வெண்புகை நீடிப்பதும், சுத்தியலால் தட்டுவது போன்ற ஓசை வருவதும், சும்மா நிற்கும்போது எஞ்சின் நடுங்குவதும் இன்ஜெக்டரைச் சுட்டும். பின்னர் ஆசனத்தைத் தூக்கி, எஞ்சின் ஓடும்போதே எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள்: மெல்லிய ஆவி வருவது வழமை, பலமாகக் குபுகுபுவென்று வந்தால் அது செப்பு வளையக் கசிவாகவோ பிஸ்டன் தேய்வாகவோ இருக்கலாம். ஐயமிருந்தால், கணினிப் பரிசோதனை செய்யும் இடத்தில் ஒவ்வொரு இன்ஜெக்டரின் திருத்த அளவையும், அதாவது அது செலுத்தும் டீசலைக் கணினி எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்பதையும், எடுத்துப் பார்க்க வேண்டும். அதற்கு ஆகும் செலவு ஒரு டயரின் விலைகூட வராது.

இவ்விரண்டு கேடி எஞ்சின்களும், வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் டைமிங் பெல்ட்டில் ஓடுபவை. பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பதற்குப் பற்றுச்சீட்டு இல்லையென்றால், மாற்றப்படவில்லை என்றே கொள்ள வேண்டும்; அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதும். பிந்திய ஜப்பானிய வான்களில் புகைக்கரியைப் பிடித்து எரிக்கும் வடியும் உண்டு. இந்த வடி தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ள வான் சற்று நேரம் சீரான வேகத்தில் ஓட வேண்டும். காத்தான்குடிக்கும் நகருக்கும் இடையே நெரிசலில் மட்டும் ஓடும் வானுக்கு அந்த வாய்ப்பே கிடைப்பதில்லை. வாரத்துக்கு ஒரு தடவையாவது ஓட்டமாவடிப் பக்கம் ஒரு நீண்ட ஓட்டம் விடுவது வடிக்கு நல்லது.

கேடிஎச் வைத்திருப்போர் யூரோ 4 தரச் சுப்பர் டீசல் அடிப்பதையும், எரிபொருள் வடியைக் குறித்த காலத்துக்கு முன்பே மாற்றுவதையும் செலவாகக் கருதாமல் காப்புறுதியாகக் கருத வேண்டும். அந்தப் பழக்கம் முந்திய உரிமையாளருக்கு இருந்ததா என்று கேளுங்கள். ஹயர் வான் என்றால் பெரும்பாலும் உண்மையான பதில் கிடைக்காது. ஆனாலும் ஹயர் ஓடியதாலேயே ஒரு வானை ஒதுக்கிவிட வேண்டியதில்லை: கொழும்புக்கு நெடுந்தூரம் ஓடி, நேரத்துக்கு எண்ணெய் மாற்றிய மூன்று இலட்சம் கிலோமீற்றர் வான், பாடசாலைச் சேவையில் நின்று நின்று ஓடிய ஒன்றரை இலட்சம் கிலோமீற்றர் வானைவிட நல்ல நிலையில் இருப்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

சூப்பர் ஜீஎல் வகையை விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜப்பானில் அது ஐந்து பேருக்கான வண்டி. பின்பகுதி பொருள் ஏற்றுவதற்கு. இங்கே பின்னால் பொருத்தப்பட்ட ஆசனங்கள் எவ்வாறு தரையில் பூட்டப்பட்டுள்ளன, அந்த எண்ணிக்கை பதிவுப் புத்தகத்தில் உள்ள எண்ணிக்கையோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது அவசியம். ஒத்துப்போகாவிட்டால் விபத்தொன்றின்போது காப்புறுதி நிறுவனத்துடன் வாதாட வேண்டியிருக்கும்.

பெற்றோல் டீஆர்எச் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், 1,998 கனசென்ரிமீற்றர் எஞ்சின், டைமிங் செயின், இன்ஜெக்டர் தலைவலி குறைவு, சத்தமும் குறைவு, எரிபொருள் செலவு அதிகம். ஆண்டுக்கு ஐந்தாறாயிரம் கிலோமீற்றருக்கு மேல் ஓடாத வீட்டுக்கு இதுதான் அமைதியான தெரிவு என்பது என் கருத்து; ஊரில் ஒருவரும் இதை ஏற்பதில்லை, திரும்ப விற்கும்போது விலை போகாதாம்.

ஜீடிஎச்சும் மூக்கு நீண்ட வானும்

2017இன் இறுதியில் ஜப்பானில் 200 தொடருக்கு 1ஜீடி எஞ்சின் வந்தது: 2,754 கனசென்ரிமீற்றர், 151 குதிரைவலு, ஆறு கியர் தானியங்கிப் பெட்டி, பெல்ட்டுக்குப் பதில் செயின். முன்னால் வரும் வாகனத்தைக் கண்டு தடுப்பை (பிரேக்கை) இயக்கும் பாதுகாப்புத் தொகுதியும் அதனுடன் வந்தது. குடும்பத்தோடு இரவில் கொழும்புக்கு ஓடுகிறவருக்கு அந்தத் தொகுதி ஒன்றே கூடுதல் விலைக்குக் காரணமாகலாம். ஆனால் ஜப்பானிய ஜீடிஎச்சில் புகையைச் சுத்தப்படுத்த அட்புளூ எனப்படும் யூரியாக் கரைசல் ஊற்ற வேண்டும். தொட்டி வெறுமையானால் நிறுத்திய எஞ்சின் மறுபடி இயங்காது. வாங்குமுன் அது நம் ஊரில் எங்கே கிடைக்கும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். யாரோ அந்தத் தொகுதியைத் துண்டித்துக் கணினியை ஏமாற்றி வைத்திருக்கும் வானாக இருந்தால் இன்னும் கவனமாக இருங்கள்.

மூக்கு நீண்ட 300 தொடர் வானின் எஞ்சின் ஆசனத்துக்குக் கீழிருந்து முன்மூக்குக்குப் போய்விட்டது. சாரதியின் காலுக்கு முன்னால் இடம் உண்டு, உள்ளே சூடும் சத்தமும் குறைவு, ஏறி இறங்குவதும் எளிது. ஆனால் அதன் குட்டை வடிவமே 5,265 மில்லிமீற்றர் நீளமும் 1,950 அகலமும் கொண்டது; ஒடுங்கிய உடல் கேடிஎச் 4,695 நீளமும் 1,695 அகலமும் மட்டுமே. நமது ஒழுங்கைகளிலும், இரண்டு மதில்களுக்கு நடுவே நிறுத்தும் முற்றங்களிலும் இந்த வித்தியாசம் சிறியதல்ல. கடைக்குப் போகுமுன் வீட்டுப் படலையை அளந்துகொண்டு போனால் நல்லது.

ஆண்டு பார்க்கும்போது ஒரு பொறி உண்டு. 2020 மார்ச் முதல் 2025 ஜனவரி முடியும்வரை வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்ததால், சந்தையில் 2019 வரையான வான்களுக்கும் 2025 முதல் இறங்கியவற்றுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது. பழைய வான்களின் விலை ஏறியது அந்தக் காலத்தில்தான். புதிதாக இறங்கியதைப் பார்க்கும்போது பதிவு ஆண்டை அல்ல, உற்பத்தி ஆண்டைப் பாருங்கள். ஜப்பானிய ஏலத் தாளின் மூலப் பிரதியைக் கேட்டு, அதிலுள்ள கிலோமீற்றரையும் தர எண்ணையும் வானில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். தரத்துக்குரிய இடத்தில் ஆர் என்ற எழுத்து இருந்தால் அது விபத்துக்குப்பின் திருத்தப்பட்ட வண்டி.

ஓட்டிப் பார்த்தல்

இங்கே நமக்கொரு குறைபாடு. மட்டக்களப்பில் ஏற்றம் என்றால் கல்லடிப் பாலத்தில் ஏறுவதுதான். சமதரையில் ஓட்டிப் பார்த்தால் சூடேறும் எஞ்சினும் வழுக்கும் கியரும் தம்மைக் காட்டிக்கொடுக்கமாட்டா. ஏழெட்டுப் பேரை ஏற்றி, முன் பின் ஏசி இரண்டையும் போட்டு, நண்பகலில் செங்கலடியிலிருந்து கரடியனாறு வழியே மகாஓயாப் பக்கம் அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். அம்பாறைப் பக்கத்தார் இங்கினியாகலைக்குப் போய் வரலாம். சூட்டுமானி நடுவைத் தாண்டக் கூடாது. திரும்பி வந்து நிறுத்தியதும் கீழே குனிந்து, பின் ஏசிக்குப் போகும் குழாய்களைப் பாருங்கள். அவை வானின் அடியில் ஓடுவதால் உப்புக்காற்றில் முதலில் அரிபடுபவை அவையே. பின் ஏசி வேலை செய்யாத வானுக்கு "வாயு அடித்தால் சரி" என்று சொல்வது எல்லா விற்பனையாளருக்கும் மனப்பாடம்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளம் களனி ஆற்றங்கரையில் பல வாகனங்களை மூழ்கடித்தது. மேற்கிலிருந்து மலிவாக வரும் வானின் இருக்கைப்பட்டியை முழுவதும் வெளியே இழுத்துச் சேற்றுக் கோடு உள்ளதா என்று பாருங்கள். ஆசனச் சட்டத்தின் திருகாணிகளிலும், டாஷ்போர்டுக்குக் கீழுள்ள வயர் இணைப்புகளிலும் துருவும் மண்ணும் தேடுங்கள்.

தாள்களும் கணக்கும்

பதிவுப் புத்தகத்தில் அப்சலூட் ஓனர், அதாவது முழு உரிமையாளர், என்ற இடத்தில் லீசிங் நிறுவனம் ஒன்றின் பெயர் இருந்தால், அது நீக்கப்படும்வரை முழுப் பணமும் கொடுக்க வேண்டாம். விற்பவரே பதிவு உரிமையாளராக இல்லாமல், கையொப்பமிட்ட வெற்றுப் படிவங்களோடு வான் கைமாறிக்கொண்டிருந்தால் அதற்கும் அதே எச்சரிக்கை. சேசிஸ், எஞ்சின் இலக்கங்களை நேரில் படித்து ஒப்பிடுங்கள். வருமான உத்தரவுப்பத்திரம், புகைப் பரிசோதனைச் சான்று, காப்புறுதி ஆகியவற்றில் நிலுவை உள்ளதா என்றும் பாருங்கள்.

கணக்கைப் பொறுத்தவரை, எரிபொருள் மிச்சத்தைக் காட்டிப் புதிய வானை விற்பவரிடம் பென்சில் ஒன்றைக் கொடுங்கள். ஆண்டுக்கு 12,000 கிலோமீற்றர் ஓடும் வீட்டில், லீற்றருக்கு 9 கிலோமீற்றர் ஓடும் வானுக்கு 1,333 லீற்றர் வேண்டும். 11 ஓடினால் 1,091. மிச்சம் ஏறக்குறைய 242 லீற்றர். அந்த டீசலின் விலையை இரு வான்களின் விலை வித்தியாசத்துக்கு வங்கி வாங்கும் ஓராண்டு வட்டியோடு ஒப்பிட்டால் விடை உடனே தெரிந்துவிடும். வான் மாதம் முழுவதும் ஹயர் ஓடினால்தான் கணக்கு மறுபக்கம் திரும்பும்.

என்னைக் கேட்டால், சொந்தப் பாவனையோடு அவ்வப்போது ஹயரும் ஓடும் வீட்டுக்கு, இன்ஜெக்டர் பரிசோதனையில் தேறிய, கரையோரத்துக்கு வெளியே வளர்ந்த 1கேடி வான். ஊருக்குள் மட்டும் ஓடுவோருக்கு, உரிமையாளரை நேரில் அறிந்திருந்தால் மாத்திரம், தரைத்தகரம் உறுதியான டொல்பின். எதை வாங்கினாலும், முதல் வாரத்திலேயே எல்லா எண்ணெய்களையும் வடிகளையும் மாற்றி, பெல்ட் உள்ள எஞ்சினென்றால் அதையும் மாற்றி, அடிப்பாகத்தை நன்னீரால் கழுவிக் காயவைத்துத் துருத்தடுப்புப் பூச்சு அடித்துவிடுங்கள். வடகீழ்ப் பருவமழை தொடங்கிய பின்னர் அடித்தால் ஈரம் பூச்சுக்குள்ளேயே அகப்பட்டுவிடும். ஆகவே ஐப்பசிக்கு முன் அந்த வேலை முடிய வேண்டும்.